பன்னிரண்டு மீட்டர் வேலி

கோழி புகுந்த கதையிலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டும்.

எங்கள் தமிழ்ப்பள்ளியின் பின்புறம், பழைய பொருளறைச் சுவரை ஒட்டி ஒரு புல்தரை இருக்கிறது. நான்காம் ஆண்டு மாணவர்கள் அங்கே கத்தரிச் செடி வளர்க்க ஆசைப்பட்டார்கள். முதல் முறை நட்ட நாற்றுகளைப் பக்கத்துத் தாமானிலிருந்து வந்த கோழிகள் இரண்டே நாளில் கிளறித் தள்ளிவிட்டன. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். மறுநாளே ஒரு தந்தை, வீட்டில் மிச்சமிருந்த கம்பி வலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். அளந்து பார்த்தோம். 24 மீட்டர்.

வகுப்பில் 22 பேர். 11 பேராக இரண்டு குழு. வலையைச் சரிபாதியாக வெட்டி, குழுவுக்கு 12 மீட்டர் கொடுத்தேன். நாற்றுகளும் அப்படியே, குழுவுக்கு 36. “பாத்தி எந்த வடிவத்தில் இருக்கலாம் என்பதை நீங்களே பேசி முடிவு செய்யுங்கள். ஆனால் நான்கு மூலையும் நேராக இருக்க வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு நான்கு நாற்றுக்கு மேல் நடக்கூடாது” என்று மட்டும் சொல்லிவிட்டு, நிழலில் போய் நின்றுகொண்டேன்.

முதல் குழு புல்தரையின் நடுவில் 3 மீட்டருக்கு 3 மீட்டர் சதுரம் போட்டது. இரண்டாவது குழு சுவரோரம் போனது. “நீளமாகப் போட்டால் நிறைய நடலாம்” என்று அவர்களுக்குள் யாரோ சொல்லியிருக்கிறார்கள். 5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். சுற்றிலும் வலையைக் கட்டிவிட்டு நடத் தொடங்கினார்கள்.

அரை மணி நேரத்தில் சண்டை வந்துவிட்டது. சதுரக் குழு 36 நாற்றையும் நட்டு முடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. சுவரோரக் குழுவில் 20 நாற்றுதான் பிடித்தது. 16 நாற்று தட்டிலேயே மிஞ்சிப்போனது. அந்தக் குழுவில் ஒரு மாணவன், வகுப்பில் கடைசி வரிசையில் உட்காருபவன், என்னிடம் வந்தான்.

“டீச்சர், எங்களோடது சின்னதா இருக்கு டீச்சர்.”

“ரெண்டு குழுவுக்கும் 12 மீட்டர்தானே கொடுத்தேன்? அப்போ ரெண்டும் சமம்தான். ஒழுங்கா நடத் தெரியலைன்னா அதுக்கு நான் என்ன பண்றது?”

அவன் வேலியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய்விட்டான்.

அன்று இரவு பயிற்சிப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. திருத்திக்கொண்டிருந்த பாடமே சுற்றளவும் பரப்பளவும்தான்! மூன்றை மூன்றால் பெருக்கினால் ஒன்பது; ஐந்தை ஒன்றால் பெருக்கினால் ஐந்து. ஒரு குழுவுக்கு 9 சதுர மீட்டர் நிலம், இன்னொரு குழுவுக்கு 5 சதுர மீட்டர். வேலி ஒரே நீளம்; நிலமோ ஏறக்குறைய பாதி. அந்த மாணவன் சொன்னது சரி. ஏறக்குறைய இருபது ஆண்டாகக் கணிதம் கற்பிக்கும் நான் சொன்னது தவறு. அதிலும், ‘நடத் தெரியலை’ என்று ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொல்லியிருந்தேன்.

என்னை நானே தேற்றிக்கொள்ள ஒன்று சொல்கிறேன். இந்தத் தவற்றுக்கு நெடிய வரலாறு உண்டு. யூக்ளிடின் வடிவியல் நூலுக்கு 5ஆம் நூற்றாண்டில் உரை எழுதிய கிரேக்க அறிஞர் புரோக்ளஸ், நிலத்தைப் பங்கு பிரிப்பவர்கள் செய்த ஒரு மோசடியைக் குறிப்பிடுகிறார். சுற்றளவு கூடிய, ஆனால் பரப்பளவு குறைந்த துண்டை மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு, பரப்பளவு கூடிய துண்டைத் தாங்கள் எடுத்துக்கொள்வார்களாம். பார்ப்பவர்களுக்கோ அவர்கள் தாராள மனத்தினராகத் தெரிவார்களாம்! நான் மோசடி செய்யவில்லை. ஏமாந்தவர்களின் பக்கம் நின்றிருந்தேன், அவ்வளவுதான்.

நம் காலத்துக்கே வருவோம். லிப்பிங் மா என்ற ஆய்வாளர் 1999இல் வெளியிட்ட நூலொன்று கணித ஆசிரியர்களிடையே புகழ்பெற்றது. அமெரிக்காவில் 23 ஆசிரியர்கள், சீனாவில் 72 ஆசிரியர்கள் என எல்லாரும் தொடக்கப்பள்ளியில் கற்பிப்பவர்கள். அவர்கள் முன் அவர் வைத்த கேள்விகளில் ஒன்று இது: ஒரு மாணவி, சுற்றளவு கூடினால் பரப்பளவும் கூடும் என்று தானே கண்டுபிடித்ததாக மகிழ்ச்சியோடு வந்து சொல்கிறாள். 4க்கு 4 சதுரத்தையும் 4க்கு 8 செவ்வகத்தையும் வரைந்தும் காட்டுகிறாள். நீங்கள் என்ன சொல்வீர்கள்? அதை உண்மையென்று அப்படியே ஏற்றுக்கொண்ட ஆசிரியர்கள் இரு நாடுகளிலுமே இருந்தார்கள். அந்த நூலைப் படித்தபோது ‘இதுகூடத் தெரியாதா’ என்று நினைத்தது எனக்கு நினைவிருக்கிறது.

மறுநாள் வகுப்பில் முதல் வேலையாக மன்னிப்புக் கேட்டேன். “நேற்று டீச்சர் தப்பா சொல்லிட்டேன். அவன் சொன்னதுதான் சரி” என்றேன். வகுப்பு அமைதியானது. அந்த மாணவன் மேசைக்கு அடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டான்.

அவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதல் மூன்று ஆண்டுகளில் பெரும்பகுதியைக் குறைநீக்கல் வகுப்பில் கழித்தவன். அவன் பயிற்சிப் புத்தகத்தில் எல்லாக் கேள்விக்கும் ஒரே விதமாகத்தான் விடை இருக்கும். நீளம் 6 செ.மீ., அகலம் 4 செ.மீ., சுற்றளவு என்ன என்றால் 24. பரப்பளவு என்ன என்றாலும் 24. எதைக் கேட்டாலும் பெருக்கிவிடுவான். நானும் சிவப்பு மையில் சூத்திரத்தை எழுதி, ‘மனனம் செய்’ என்று குறிப்பு வைத்துக்கொண்டே வந்தேன்.

அதே வகுப்பில் எப்போதும் முழு மதிப்பெண் வாங்கும் மாணவி ஒருத்தி இருக்கிறாள். அவளை எழுப்பினேன். “6க்கு 4 செவ்வகத்தின் பரப்பளவு என்ன?” 24 என்றாள், உடனே. “24 என்ன?” “24 சதுர சென்டிமீட்டர் டீச்சர்.” “சரி, அந்த 24ஐக் காட்டு. எங்கே இருக்கு?” அவள் செவ்வகத்தைப் பார்த்தாள். நீளத்தைத் தொட்டாள், அகலத்தைத் தொட்டாள். பிறகு கையை எடுத்துவிட்டாள். அந்தச் செவ்வகத்துக்குள் 24 சதுரங்கள், வரிசைக்கு ஆறாக நான்கு வரிசையில் இருக்கின்றன என்பது அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் கடைசி வரிசைக்காரனுக்கும் உள்ள வேறுபாடு, அவள் சூத்திரத்தைச் சரியாக மனனம் செய்திருந்தாள் என்பது மட்டுமே. தோட்டத்தில் நிலம் குறைவு என்பதைக் கண்டது அவனுடைய கண்தான்.

நாம் சூத்திரத்தை முதலில் கொடுத்துவிடுகிறோம். தவறு அங்கேதான் தொடங்குகிறது என்று இப்போது நம்புகிறேன். நான்காம் ஆண்டில் சுற்றளவும் பரப்பளவும் ஒன்றையடுத்து ஒன்றாக வருகின்றன. ஒரே செவ்வகம், ஒரே இரண்டு எண்கள். ஒன்றுக்குக் கூட்டு, ஒன்றுக்குப் பெருக்கு. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைக்கு இது போக்குவரத்து விளக்கு மாதிரிதான். எந்தச் சொல் வந்தால் எந்தக் குறி என்று பழகிக்கொள்கிறது. ஒரு சொல் மாறினாலும் விடை கவிழ்ந்துவிடும்.

சொல் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின. நான் பணியில் சேர்ந்தது அந்தக் காலத்தில். ‘பெரிமீட்டர்’, ‘ஏரியா’ என்றுதான் கற்பித்தேன். பெரிமீட்டர் என்ற சொல்லுக்குள்ளும் கிரேக்க மொழியில் ‘சுற்றி அளப்பது’ என்ற பொருள் இருக்கிறதுதான். ஆனால் தோட்டப்புறத்துப் பிள்ளைக்குக் கிரேக்கம் எங்கே தெரியும்? 2009இல் அரசு அந்தக் கொள்கையைக் கைவிடுவதாக அறிவித்து, பிறகு படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பினோம். சுற்றளவு, பரப்பளவு. சுற்றினால் வருவது ஒன்று, பரப்பினால் வருவது இன்னொன்று. சொல்லே பாடத்தைச் சொல்லிவிடுகிறது. ஆனாலும் குழப்பம் தீரவில்லை. ஏன் என்று பல நாள் யோசித்தேன். பிள்ளைகள் வேகமாகப் படிக்கும்போது கடைசியில் வரும் ‘அளவு’ மட்டும்தான் காதில் விழுகிறது. முன்பாதியை விழுங்கிவிடுகிறார்கள். இப்போது என் வகுப்பில் அந்தச் சொல்லை இரண்டாகப் பிரித்து, சுற்று என்னும்போது விரலால் மேசை விளிம்பைச் சுற்றி, பரப்பு என்னும்போது உள்ளங்கையால் மேசையைத் தடவிச் சொல்ல வேண்டும். சிறுபிள்ளைத்தனமாக இருக்கலாம். சிறுபிள்ளைகளுக்குத்தானே கற்பிக்கிறேன்.

இந்த இரண்டு அளவையும் ஒரே சொல்லில் வைத்திருக்கும் வேடிக்கையும் தமிழில் உண்டு. ‘வேலி’. நிலத்தைச் சுற்றிப் போடுவதும் வேலி. தஞ்சை வட்டாரத்தில் நிலத்தின் பரப்பை அளக்கும் அலகும் வேலி. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. இன்றைய கணக்கில் ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். ‘ஊர்ல எங்க தாத்தாவுக்கு அரை வேலி நிலம் இருந்துச்சு’ என்று என் பாட்டி சொல்லும்போதெல்லாம், பாதி வேலி மட்டும் போட்ட ஒரு நிலத்தைத்தான் நான் கற்பனை செய்துகொள்வேன். மிச்சப் பாதி வழியாக ஆடுமாடு வந்துவிடாதா என்று கவலைப்பட்டதுண்டு. இதை வகுப்பில் சொன்னேன். சிரித்தார்கள். ஆனால் அன்றைக்குப் பிறகு ‘வேலியா, நிலமா?’ என்பது எங்கள் வகுப்பின் கேள்வியாகிவிட்டது. எந்தக் கணக்கு வந்தாலும் முதலில் அதைக் கேட்டுக்கொள்கிறார்கள். படச்சட்டத்துக்கு மரம் வாங்குவது? வேலி. தரைக்கு டைல்ஸ் போடுவது? நிலம். திடலைச் சுற்றி ஓடுவது? வேலி. சுவருக்குச் சாயம் பூசுவது? நிலம்.

பிறகு பிஸ்கட் பாடம். இதைப் பிள்ளைகள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

சதுரமான கிரீம் கிராக்கர் பிஸ்கட்டுகள், குழுவுக்குப் பன்னிரண்டு. பன்னிரண்டையும் இடைவெளியில்லாமல் அடுக்கிச் செவ்வகம் அமைக்க வேண்டும். எத்தனை விதமாக முடியும்? ஒரே வரிசையில் 12, இரண்டு வரிசையில் ஆறாறு, மூன்று வரிசையில் நான்கு நான்கு. பரப்பு எல்லாவற்றிலும் பன்னிரண்டு பிஸ்கட்தான். ஓர் எறும்பு விளிம்போரமாக ஒரு சுற்று வந்தால் எத்தனை பிஸ்கட் பக்கங்களைக் கடக்கும் என்று எண்ணச் சொன்னேன். 26, 16, 14. நிலம் மாறவில்லை, வேலி மாறுகிறது. தோட்டத்தில் வேலி ஒன்று, நிலம் வேறு. இங்கே அப்படியே தலைகீழ்.

அடுத்துத்தான் சுவாரசியம். மூன்று வரிசையில் நான்கு நான்காக அடுக்கியதில், மூலையில் இருக்கும் ஒரு பிஸ்கட்டை எடுத்துச் சாப்பிடலாம் என்றேன். சாப்பிடுவதற்கு முன் சொல்ல வேண்டும், சுற்றளவு குறையுமா, கூடுமா? எல்லாரும் ஒரே குரலில், குறையும். ஒருவன் சாப்பிட்டான். எண்ணினார்கள். 14. மறுபடி எண்ணினார்கள். அப்போதும் 14. மூலையில் இரண்டு பக்கம் போனது, உள்ளே இரண்டு பக்கம் புதிதாக வந்தது. பரப்பளவு பதினொன்றாகிவிட்டது, சுற்றளவு அசையவில்லை. இன்னொரு குழுவிடம், மூலையை விட்டுவிட்டு நீளப் பக்கத்தின் நடுவில் ஒன்றை எடுக்கச் சொன்னேன். 16! சாப்பிட்டதால் சுற்றளவு கூடிவிட்டது. “டீச்சர், சாப்பிடச் சாப்பிட வேலி நீளுது லா!” என்று ஒருத்தி கத்தியதில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

ஐந்தாம் ஆண்டில் இரண்டு வடிவங்கள் சேர்ந்த உருவத்தின் சுற்றளவைக் கேட்பார்கள். மூலை வெட்டப்பட்ட செவ்வகத்தைக் கொடுத்து, இரண்டு பக்கத்தின் அளவைக் குறிப்பிடாமல் விட்டிருப்பார்கள். பெரிய பிள்ளைகளே தடுமாறும் இடம் அது. பிஸ்கட் தின்ற பிள்ளை அங்கே தடுமாறாது என்பது என் நம்பிக்கை. அடுத்த ஆண்டு தெரிந்துவிடும்.

இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு சதுர மீட்டரில் எத்தனை சதுர சென்டிமீட்டர் என்று கேட்டால் பாதி வகுப்பு 100 என்கிறது. ஒரு மீட்டருக்கு 100 சென்டிமீட்டர் என்பது மனத்தில் பதிந்துபோனதன் விளைவு. பழைய நாளிதழ்களை ஒட்டி, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் தாள் செய்து தரையில் விரித்தோம். மூலையில் ஒரு சென்டிமீட்டர்ச் சதுரத்தை வெட்டி வைத்தேன். அதைப் பார்த்ததுமே ‘நூறு இல்லை’ என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். வரிசைக்கு 100, நூறு வரிசை, 10,000. அந்தத் தாளில் எத்தனை பேர் நிற்க முடியும் என்று பார்த்தோம். இடித்துக்கொண்டு 11 பேர் நின்றார்கள். ஒரு குழு முழுவதும்!

இத்தனைக்கும் எனக்கு நான்கு பாட வேளை கூடுதலாகச் செலவானது. மறைக்கவில்லை. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்ட பிறகும், ‘எத்தனை பயிற்சி முடித்திருக்கிறீர்கள்’ என்று கேட்கும் பெற்றோர் இருக்கிறார்கள். பயிற்சிப் புத்தகத்தில் பக்கங்கள் காலியாக இருப்பதைக் கண்டு ஒரு தாயார் வருத்தப்பட்டார். அவருடைய வருத்தம் நியாயமானதுதான். பிள்ளை என்ன கற்றது என்பதற்கு அவர் கண்ணுக்குத் தெரியும் ஒரே சான்று அந்தப் பக்கங்கள். வீட்டுக் கூடத்தில் எத்தனை டைல்ஸ் என்று மகளை எண்ணாமல் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள் என்றேன். ஒரு வரிசையை எண்ணி, வரிசைகளை எண்ணி, பெருக்கினாளாம். சோபாவுக்கு அடியில் இருப்பதையும் சேர்த்து! சூத்திரம் அப்படித்தான் பிறக்க வேண்டும். நான் அதைக் கடைசியில்தான் வெண்பலகையில் எழுதினேன். எழுதும்போது, ‘இது எங்களுக்குத் தெரியுமே’ என்றார்கள்.

கடைசி வரிசை மாணவன் ஒரே நாளில் கணித மேதை ஆகிவிட்டான் என்று நினைத்துவிட வேண்டாம். அடுத்த சோதனையில் இரண்டு கேள்விக்கு அலகு எழுத மறந்தான். எட்டாம் வாய்ப்பாட்டில் ஒரு பிழை. ஆனால் சுற்றளவு கேட்ட இடத்தில் பரப்பளவை எழுதவில்லை, ஓர் இடத்தில்கூட.

பிஸ்கட் பாடம் முடிந்த மறுநாள், ஓய்வு நேரத்தில் அவன் என்னைத் தேடி வந்தான். கையில் ஒரு கட்டத்தாள்.

“டீச்சர், சுவர் பக்கம் எதுக்கு டீச்சர் வேலி?”

எனக்குப் புரியவில்லை.

“சுவர் பக்கமாத்தான் கோழி வராதே. அந்தப் பக்கம் வேலியே வேணாம். மூணு பக்கம் போட்டாப் போதும்.”

தாளை நீட்டினான். சுவரை ஒரு தடித்த கோடாகப் போட்டு, 12 மீட்டர் வலையை மூன்று பக்கத்துக்கு மட்டும் பிரித்து வரைந்திருந்தான். சுவரிலிருந்து 1 மீட்டர் வெளியே வந்தால் நீளம் 10. அதன்மேல் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தான், சுவரே 9 மீட்டர்தான் என்பதால். 2 மீட்டர் வந்தால் நீளம் 8, பரப்பளவு 16. 3 மீட்டர் வந்தால் நீளம் 6, பரப்பளவு 18. 4 மீட்டர் வந்தால் நீளம் 4, மறுபடியும் 16. பதினெட்டைச் சுற்றி வட்டம் போட்டிருந்தான். ஒவ்வோர் உருவத்துக்குள்ளும் கட்டங்கள் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்து எண்ணப்பட்டிருந்தன.

அன்று மாலையே அவனும் குழுவினரும் பழைய வலையைப் பிரித்து மறுபடி கட்டினார்கள். மிஞ்சிய 16 நாற்றும் தட்டில் கொஞ்சம் வாடியிருந்தன, எல்லாவற்றையும் நட்டார்கள். அதற்குப் பிறகும் பாத்தியில் பாதி இடம் காலியாகக் கிடந்தது. அங்கே கங்கோங் கீரை போடலாமா, மிளகாய் போடலாமா என்று பேசத் தொடங்கினார்கள்.

நடுவில் சதுரப் பாத்தி போட்டிருந்த குழு, தண்ணீர் வாளியோடு நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து, முழு மதிப்பெண் வாங்கும் அந்த மாணவி என்னிடம் ஓடி வந்தாள்.

“டீச்சர், அவங்களுக்கு 18, எங்களுக்கு 9தான் டீச்சர். இது நியாயமே இல்ல. எங்களுக்கும் சுவர் வேணும்!”